முப்பத்தேழு

ஐஸ் ஆலையின் கணக்கறைச் சுவரில்
ஆணியில் தொங்குகிறது றவுட்டர்.
பக்கத்தில் போன வருசக் கலண்டர், ஒரு பல்லி.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்றறுபத்தெட்டு, ஒன்று:
இவ்வளவும் எல்லாருக்கும் பொது, தெருப்பெயர் மாதிரி.
கடைசி எண்தான் வீட்டு இலக்கம்.

என்னைக் கூப்பிட்டது பிறின்டருக்காக.
கரண்ட் போய் வந்தால் அது வீடு மாறிவிடும்.
நேற்றுப் பதினொன்றில், இன்று இருபத்திநாலில்.
நிரோஜினி பழைய வாசலில் பில்லைப் போட்டுவிட்டுக் காத்திருக்க,
கூலர் லொறிகள்
திருக்கடலூர் ஒழுங்கை முழுக்க ஹோர்ன் அடிக்கும்.

"இந்த எண்ணெல்லாம் ஆர் பாடமாக்கிறது?"
ஒருவரும் வேண்டாம். பெயரைச் சொல்.
அது எங்கே குடியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல
உள்ளே ஒரு ஆளை இருத்தியிருக்கிறேன்,
சம்பளம் கேட்காத ஆள்.

தராசுக்குத் 'தராசு'. பிறின்டருக்குப் 'பில்'.
குளிரறை வெப்பமானிக்கு அவள் வைத்தது 'விதானையார்':
ஒரு பாகை ஏறினாலும் மேலிடத்துக்கு அறிக்கை போகுமாம்.

ஒரு முகவரிக்குப் பல பெயர் இருந்தால் பிழையில்லை.
திருக்கோணமலை, திருமலை,
கொழும்பு பஸ்காரனின் வாயில் ட்றிங்கோ ட்றிங்கோ ட்றிங்கோ.
எதைக் கேட்டு ஏறினாலும் இறக்கிவிடுவது
மான்கள் வாழைப்பழத்தோல் தின்னும் அதே ஸ்டாண்டில்.

ஒரு முகவரிக்கு இரண்டு பேர் வந்தால்தான் வில்லங்கம்.
கமராவும் தராசும் ஒரு மத்தியானம் முழுக்க
இருபதாம் எண்ணுக்கு அடிபட்டன.
கமராவுக்கு, எனக்கு முன் வேலை செய்தவர்
கையால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.
தராசுக்கு றவுட்டரே கொடுத்தது.
இரண்டு பக்கமும் உறுதி இருக்கிறது.
ஒரு கேபிளைப் பிடுங்கித் தீர்த்தேன்.
காணிக் கந்தோரில் அந்த வசதி இல்லை.

மீதி எண்களைக் குத்தகைக்கு விட்டேன்,
ஆளுக்கு எட்டு மணித்தியாலம்.
தவணை முடிந்தாலும், வேறொருவர் வந்து கேட்காதவரை
பழைய ஆளுக்குப் பழைய எண்ணையே எடுத்து வைத்திருக்கும்.
றவுட்டரில் எனக்குப் பிடித்த குணம் அது.

பதிவேடு வாசிக்கும் கெட்ட பழக்கம் எனக்குண்டு.
முப்பத்தேழு.
விடியப்புறம் இரண்டு நாற்பதுக்கு வரும், எண் கேட்கும், வாங்கும்,
பதினொரு நிமிசத்தில் போய்விடும்.
பெயர் எழுதும் இடம் வெறுமை.
பத்தொன்பது நாள் இப்படி.
கள்ளனோ என்றேன்.
காவலுக்கு நிற்கும் தேவசகாயம் சிரித்தார்.
"அது கிருபைராசாவின்ர போன்.
ஐஸ் ஏத்த வள்ளத்தை அணைக்கிறவன்.
பெட்டி நிரம்ப அவ்வளவு நேரம் பிடிக்கும்."

உவர்மலையில் என் வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கவும்
ஒரு சின்ன வாசல் வைத்திருந்தேன்.
வேலைக்காகத்தான்.
இரண்டு நாற்பது. முப்பத்தேழு. சரி.
லாம்பை நூர்த்துவிட்டுப் படுப்பேன்.
அந்த மனிதரை நான் கண்டதில்லை.

கார்த்திகையில் ஒரு வியாழன்.
வாடை யன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது.
இரண்டு நாற்பது.
இரண்டு நாற்பத்தைந்து.
முப்பத்தேழுக்கு அழைப்பு அனுப்பினேன்,
ஒன்று, இரண்டு, நாலு முறை.
மறுமொழி இல்லை. மறுமொழி இல்லை.
இரண்டு ஐம்பத்திரண்டுக்குப் புது ஒருவர் வந்து எண் கேட்டார்.
நாற்பத்திநாலு கொடுபட்டது.
பெயரிடத்தில் ஏதோ கம்பனியின் எழுத்தும் இலக்கமும்.
மூன்று மூன்றுக்குப் போனார்.

விரலால் எண்ணினேன்.
திரும்ப எண்ணினேன். பதினொன்று.

பழைய போன் கடலுக்குள் போய்விட்டதாம், புதியது கட்டுக்காசுக்காம்,
காலையில் தேவசகாயம் சொன்னபோது
தெரியும் என்று சொல்லவில்லை.
றவுட்டர் அறிந்திருந்தது போனை.
பெட்டி நிரம்பும் நேரத்தை
அதற்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பெயர்ப் பட்டியலில் 'கிருபை' என்று எழுதி
எதிரே நாற்பத்திநாலைப் போட்டேன்.

முப்பத்தேழு மூன்று கிழமை சும்மா கிடந்தது,
கடலடியில் கிடக்கும் ஒன்றின் பேரில்.
பிறகு கிண்ணியாவிலிருந்து மீன் ஏற்ற வந்த
லொறிச் சாரதியின் போன் வாசலில் நின்று எண் கேட்டது.
கொடுத்துவிட்டது,
எட்டு மணித்தியாலத்துக்கு.